மெஸ் மேஜையில் ஒரு வாழை இலை

மெஸ் வேலை பார்த்தவனுக்குச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தால் பசி வராது. எந்தத் தட்டு கோணலாக இருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

என் பேர் ஆரோக்கியம். இருபத்துநாலு வருஷம் ராணுவத்தில் இருந்தேன். துப்பாக்கியைத் துடைத்ததைவிட முள்கரண்டியைத் துடைத்ததுதான் அதிகம். ஆபிசர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் வெயிட்டராக நுழைந்து, மெஸ் ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது நெய்வேலியில் இருக்கிறேன். மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே டீச்சர் வேலை, குவார்ட்டர்ஸ் அவள் பேரில். நான் பகலில் கான்ட்ராக்டில் ஒரு கேண்டீனைப் பார்த்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த நகரியத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருக்கிற முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் சேர்ந்து ராணுவ முறைப்படி ஒரு விருந்து வைப்போம். அதற்கு மேஜை போடுகிற பொறுப்பு என் தலையில்.

சொந்தக்காரன் கல்யாணத்தில் பந்தி விசாரித்துத் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். எத்தனை பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் மனசில் நிற்காது. சாப்பிடாமல் எழுந்து போனவர் ஒருவர் போதும், வருஷக்கணக்கில் தூக்கம் கெடும். என் மேஜையிலிருந்து ஒரு தாய் அப்படி எழுந்து போனார். காரணம் நான்தான். அவரை மறுபடியும் கூட்டிவந்து ஒரு வாய் சோறு சாப்பிட வைக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் ராணுவ விருந்து எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

நூல் பிடித்த கண்ணாடிகள்

விருந்து மேஜை நாற்பது பேருக்கு ஒரே நீளமாக இருக்கும். கண்ணாடி டம்ளர்கள் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். அதற்காக மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் கட்டி, நூலை ஒட்டி டம்ளர்களை வைப்போம். வைத்து முடித்ததும் நூலைச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த முதல் பெரிய விருந்தில் ஒரு நூலை எடுக்க மறந்துவிட்டேன்.

விருந்தாளியாக வந்திருந்த அதிகாரியின் மனைவி கையை நீட்டினார். வளையலில் நூல் மாட்டியது. நாலு டம்ளர் அப்படியே சாய்ந்து உடைந்தன. மறுநாள் காலையில் எங்கள் சி.ஓ., அதாவது பட்டாலியனின் தலைமை அதிகாரி, என்னைக் கூப்பிட்டனுப்பினார். தண்டனை நிச்சயம் என்று விறைப்பாகப் போய் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: “நாலும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக விழுந்தன. உன் அணிவகுப்பில் குறை சொல்ல முடியாது.”

சைவத்துக்கு ரோஜா

விருந்தில் யார் சைவம், யார் அசைவம் என்று வெயிட்டர் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப் பூ இருக்கும். பூ இருந்தால் காய்கறி, பூ இல்லாவிட்டால் கறி. வெயிட்டருக்குப் பூதான் தெரிய வேண்டும், ஆள் முகம் தெரிய வேண்டியதில்லை.

புதிதாகக் கல்யாணமான ஒரு மேஜர் தன் மனைவியை முதல் தடவையாக மெஸ்ஸுக்குக் கூட்டிவந்திருந்தார். தமிழ்ப் பெண், சுத்த சைவம். அவர் தட்டின் பக்கத்தில் நல்ல சிவப்பு ரோஜாவாகப் பார்த்து நானே வைத்திருந்தேன். பரிமாற வந்தபோது பூவைக் காணோம். சரி, அசைவம்தான் போலிருக்கிறது என்று ஆட்டுக்கறி கட்லெட்டை வைத்துவிட்டேன். அந்தப் பெண் கட்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், ரோஜா அவர் கொண்டையில் இருந்தது.

தட்டை மாற்றிக்கொண்டே தமிழில் மன்னிப்புக் கேட்டேன். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “பொம்பளைங்க முன்னாடி பூவ வச்சிட்டு, அத தலையில வச்சிக்கக் கூடாதுன்னா எப்படிண்ணா?”

சி.ஓ. எழுந்தார்

இன்னொரு கட்டாய விதி உண்டு. சி.ஓ. எழுந்திருக்கும்வரை மேஜையிலிருந்து யாரும் எழுந்திருக்கக் கூடாது. தாகம், இருமல், அவசரம் எதற்கும் விலக்கு இல்லை. புதிதாக வந்த ஆபிசர்கள் விருந்துக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கப் பயப்படுவார்கள்.

ஒரு விருந்தில் சூப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது மெஸ் டெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் கேப்டனின் அப்பா இறந்துபோனதாகச் செய்தி. அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சி.ஓ. காதருகே குனிந்து சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். உடனே நாற்பது நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. சி.ஓ. நேராக அந்த கேப்டனிடம் போய்த் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அத்தனை பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

அவர் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நான் எழுந்த பிறகுதான் அவர் எழுந்தார். உட்காருங்கள்.”

அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கலியனின் கேள்வி

நெய்வேலியில் எங்கள் விருந்துக்குப் பட்டாளத்து வெயிட்டர்கள் கிடையாது. நெல்லிக்குப்பத்திலிருந்து கல்யாணச் சமையல் கோஷ்டியைக் கூப்பிடுவோம். பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர் கலியன். ஐம்பது வயசு. பாதி ஆயுசைக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு கழித்தவர். அவரிடம், இடது பக்கமாக வந்து பரிமாற வேண்டும், வலது பக்கமாக வந்து எடுக்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது என்று சொன்னேன்.

முதல் இரண்டையும் ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். மூன்றாவதுதான் வரவில்லை. ஒத்திகையில் கையில் கரண்டியோடு நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம் வக்கட்டுமா, கூச்சப்படாம கேளுங்க” என்று காலி நாற்காலியைப் பார்த்து உபசாரம் செய்துகொண்டிருந்தார். நாலாவது தடவை நான் சத்தம் போட்டதும் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்: “பேசாம போட்டா அது படையல் சார், பந்தி இல்ல.”

காலி நாற்காலி

அந்தத் தாய் எழுந்து போனது மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த விருந்தில். எங்கள் மேஜையில் எப்போதும் ஒரு இடம் காலியாக இருக்கும். நாற்காலி இருக்கும், வெள்ளைத் துணி இருக்கும், துடைத்த தட்டு இருக்கும், கண்ணாடி டம்ளர் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். போர்முனையிலிருந்து திரும்பி வராதவர்களுக்கான இடம். அதில் யாரும் உட்கார மாட்டார்கள், எதுவும் பரிமாற மாட்டார்கள். அந்த வெறுமைதான் மரியாதை. ராணுவத்தில் பல மெஸ்களில் இந்த வழக்கம் உண்டு. இங்கே கொண்டுவந்தவன் நான்.

அந்த வருஷம் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பூங்காவனத்தம்மாவை அழைத்திருந்தோம். அவருடைய ஒரே மகன் மணிகண்டன் எல்லையில் பனிச்சரிவில் போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் முன்பே காலமானவர். அந்தம்மா முந்திரிக்கொட்டை உடைத்துத்தான் பையனை வளர்த்தார். காலி நாற்காலிக்கு முன்னால் மணிகண்டனின் படத்தை வைத்தேன். அந்தம்மாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். இதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது என்று எனக்கு நினைப்பு.

சாப்பாடு வந்தது. எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்தம்மா தன் தட்டிலிருந்த சோற்றைத் தொடாமல் மகனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அந்தத் தட்டில் வைக்கப் போனார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பழகிய கை, யோசிக்காமல் நீண்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். “அம்மா, அதில் எதுவும் வைக்கக் கூடாது” என்றேன். சோறு வெள்ளைத் துணியில் சிதறியது. மேஜையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சண்டை போடவில்லை. அழவில்லை. துணியில் விழுந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தட்டிலேயே போட்டார். மகன் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “இட்டாந்து குந்த வச்சி, எம்புள்ள முன்னாடி வெறுந்தட்ட வச்சிட்டீங்களே. முந்திரி ஒடச்சி கையெல்லாம் வெந்த நாள்லகூட நான் அவன வெறுந்தட்டு முன்னாடி குந்த வச்சதில்ல.”

ஸ்டெல்லா

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் நியாயம் கேட்டேன். ராணுவ வழக்கம் என்ன, காலி தட்டுக்கு என்ன அர்த்தம், எத்தனை நாட்டில் இதைச் செய்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தம்மாவுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் என் தப்பு என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“கல்லறைத் திருநாளுக்கு எங்கம்மா சமாதியில நான் மெழுகுவத்தி ஏத்துறப்போ, இங்க ஏத்தக் கூடாதுன்னு யாராவது என் கையைப் புடிச்சிருந்தா, நீங்க அவன்கிட்ட அர்த்தம் கேட்டுக்கிட்டா நின்னிருப்பீங்க?”

இரண்டு காலி இடங்கள்

அடுத்த வருஷம் அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்பினேன். அப்போதும் வரவில்லை. இரண்டு வருஷமும் அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்று வழக்கப்படி காலி, இன்னொன்று என்னால் காலி.

போன வருஷ விருந்து முடிந்து கலியன் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்காகப் போட்டிருந்த தொடாத தட்டை என்ன செய்வதென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எடுத்துவிடச் சொல்லி ஜாடை காட்டினேன். நடந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்: “தபால்லயும் ஆள் விட்டும் கூப்புட்டா யாரு சார் வருவாங்க? நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கினு வாங்க.”

முத்தாண்டிக்குப்பத்தில்

இந்த வருஷம் நேரில் போனேன். டூவீலரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், அந்தம்மா வாசலில் நாலு பெண்களோடு உட்கார்ந்து வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். தோலின் எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போகாமல் இருக்க சாம்பல் பூசிய கைகள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கையைத்தான் நான் பிடித்து நிறுத்தினேன். போகிற வழியெல்லாம் பேச்சு யோசித்து வைத்திருந்தேன், ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. “அம்மா, நான் பண்ணது தப்புங்க. மன்னிச்சிடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அவர் உடைத்துக்கொண்டிருந்த கொட்டையைக் கீழே வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டார். போனால் தரையில் பாய் போட்டு இலை விரித்திருந்தது. அழைப்பிதழைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், முதலில் சாப்பிடச் சொன்னார். சுடுசோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எதிரே சுவரில் சீருடையோடு மணிகண்டன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அந்தம்மா மறுபடியும் ஒரு கரண்டி வைத்தார்.

“எங்க வூட்ல இலய போட்டா சோறும் போடுவோம் தம்பி. நல்லா சாப்புடுங்க.”

கேப்டன் சொன்னது

எங்கள் சங்கத்துத் தலைவர் கேப்டன் ராமலிங்கம். வேலூர்ப் பக்கத்துக்காரர், சிப்பாயாகச் சேர்ந்து கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர். நெய்வேலியிலேயே தங்கிவிட்டார். விருந்தில் சி.ஓ. இடத்தில் உட்காருகிறவர் அவர்தான். அவரிடம் போய், இந்த வருஷம் காலி தட்டில் சோறு வைத்துவிடலாம் சார், அந்தம்மா வந்தால் போதும் என்று சொன்னேன். நாலு பேர் இருந்த கமிட்டியில் மூன்று பேர் சரி என்றார்கள். கேப்டன் மட்டும் கூடாது என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாயைவிடத் தட்டு பெரிசா என்று கேட்டுவிட்டேன். ராணுவத்தில் இருந்திருந்தால் அந்தக் குரலுக்கே உள்ளே தள்ளியிருப்பார்கள். அவர் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு என்னை உட்கார வைத்தார். மலைக்கு மேலே ஒரு காவல் சாவடியில் அவரோடு இருந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்களாம். ரோந்து போன அந்த இரண்டு பேருக்காகச் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். மறுநாளும் அந்தச் சோற்றைக் கொட்ட மனசு வரவில்லையாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்: “அதுல சோறு வச்சா அவனுங்க வருவானுங்கன்னு எனக்குத் தோணும், ஆரோக்கியம். வரமாட்டானுங்கன்னு பழகிக்கவே எனக்கு முப்பது வருஷம் ஆச்சு.”

மறுபடியும் போனேன்

ஒரு பக்கம் தட்டு காலியாக இருந்தால்தான் உட்கார முடிகிற மனிதர். இன்னொரு பக்கம் தட்டு காலியாக இருந்தால் உட்கார முடியாத தாய். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். நடுவில் மேஜை போடுகிறவன் என்ன செய்வான்? யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடாமல், கேப்டன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அந்தம்மாவிடமே போய்ச் சொன்னேன். வற்புறுத்தவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் பரவாயில்லை, காரணமாவது அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அவுருக்கு ரெண்டு பேரா?” என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுபடியும் கொட்டை உடைக்க ஆரம்பித்தார். நான் கிளம்பி வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார்.

“அவுரு தட்டு அவுருக்கு. நான் தொட மாட்டேன். பக்கத்துல எனக்கு ஒரு எடம் போட்டு வையுங்க, வந்துர்றேன்.”

சிவப்பு விளக்கு

மெஸ்ஸில் வெயிட்டர்களுக்கு உத்தரவு விளக்கு மூலமாகத்தான். பச்சை எரிந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டும், சிவப்பு எரிந்தால் ஒரே நேரத்தில் தட்டுகளை எடுக்க வேண்டும். தலைவர் கரண்டியைத் தட்டில் சேர்த்து வைத்துவிட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். பாதி சாப்பிட்டவர் தட்டும் போய்விடும். எங்கள் வட்டத்துச் சமுதாயக் கூடத்திலும் தெர்மல் மின்நிலையத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கிற நண்பரை வைத்து இரண்டு விளக்கு போட்டிருந்தேன். சுவிட்ச் என் கையில்.

சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் அந்தம்மா பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கையில் ஒயர் கூடை. நேராகத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் காலி தட்டும் கவிழ்த்த டம்ளரும் அப்படியே இருந்தன. பச்சை விளக்கைப் போட்டேன், கலியனும் ஆட்களும் பரிமாறினார்கள். அந்தம்மா தன் தட்டை ஓரமாக நகர்த்தினார். கூடையிலிருந்து ஒரு சின்ன வாழை இலையை எடுத்து, காலி தட்டுக்கும் தன் தட்டுக்கும் நடுவில் விரித்தார். தண்ணீர் தெளித்தார். தூக்குப் பாத்திரத்தைத் திறந்து சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். கூடம் முழுக்கக் கருவாட்டு வாசனை. பிறகு மகன் படத்தை எடுத்து இலைக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை என் கை அசையவில்லை. கேப்டனைப் பார்த்தேன். அவர் கண் முதலில் தன் தட்டுக்குப் போனது, அதாவது அந்தக் காலி தட்டுக்கு. அது காலியாகவே இருந்தது. பிறகு இலையைப் பார்த்தார். கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். எல்லாரும் ஆரம்பித்தார்கள். அந்தம்மா மட்டும் சாப்பிடவில்லை. நம்மூரில் படைத்த பிறகு கொஞ்சம் காத்திருந்துதானே வீட்டார் சாப்பிடுவது. அவர் காத்திருந்தார். நான் காத்திருந்தேன். என் நேரம், கேப்டன் அன்றைக்கு வேகமாகச் சாப்பிட்டு முடித்துக் கரண்டியைத் தட்டில் சேர்த்து வைத்துவிட்டார்.

கலியன் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் சுவிட்சைப் போட வேண்டும். போட்டால் எல்லாத் தட்டும் போய்விடும், பந்தி முடிந்துவிடும், அந்தம்மா இந்த வருஷமும் சாப்பிடாமல் போவார். போடாவிட்டால் தலைவரையே காக்க வைத்தவன் ஆவேன். சுவிட்சை விட்டுவிட்டு அந்தம்மாவிடம் போய்க் குனிந்தேன். “அம்மா, எல்லாரும் முடிச்சிட்டாங்க, தட்டு எடுக்கணும்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“கொஞ்சம் இருங்க தம்பி. எம்புள்ள மெதுவாத்தான் சாப்புடுவான்.”

கூடம் அமைதியாக இருந்ததால் அது மேஜையின் தலைப்பக்கம் வரைக்கும் கேட்டது. கேப்டன் தலையைத் தூக்கினார். தட்டில் சேர்த்து வைத்த கரண்டியை மறுபடியும் கையில் எடுத்தார். தட்டில் ஒன்றும் இல்லை. கலியனைப் பார்த்துச் சோறு கேட்டார். கலியன் விதியையெல்லாம் மறந்து, “நல்லா சாப்புடுங்க சார்” என்று வாய்விட்டு உபசரித்துக்கொண்டே போட்டார். அதைப் பார்த்ததும் மேஜையில் இருந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராகக் கரண்டியை எடுத்தார்கள். வயிறு நிறைந்தவர்கள்கூட ஒரு பிடி சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டார்கள். எனக்கு மேஜை மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா இலையின் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மகனுக்கு வைத்த சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அதுவரைக்கும் கேப்டன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நான் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டேன். எல்லாத் தட்டையும் ஆட்கள் எடுத்தார்கள், அந்த இலையை மட்டும் நானே எடுக்கப் போனேன். அவர் இலையை மடித்து என் கையில் கொடுத்தார்.

“கொழம்புல உப்பு கம்மிதான் தம்பி. அவன் ஒண்ணும் சொல்லாம சாப்புட்டுட்டான்.”

சாப்பாடு தாமதமாக வந்தால் மெஸ் ஹவில்தாருக்கு என்ன தண்டனை என்று விதிப் புத்தகத்தில் உண்டு, சாப்பிட்டு முடிக்கத் தாமதமானால் என்ன என்று யாரும் எழுதி வைக்காததால் நான் தப்பித்தேன்.